குழாயில் எறும்பு

1. சாக்கில் வந்த சாமான்

சர்வர் பவர் சப்ளை என்ற பொருள் என் கடைக்கு முதன்முதலில் வந்தது ஓர் அரிசிச் சாக்கில். குற்றாலத்திலிருந்து ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தவள் பேச்சியம்மாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சாக்கைக் கவுண்டரில் வைத்ததும் உள்ளே இரும்பு சத்தம் கேட்டது.

தென்காசியில் யுபிஎஸ், இன்வெர்ட்டர், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் சர்வீஸ் செய்கிறேன். பத்தாவது வரை படித்தவன். வேலை கையில் நிற்கும், பேச்சுதான் வராது. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மேஜையில் இருக்கும் போர்டைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். பெண்கள் வந்தால் அதுவும் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

“அண்ணாச்சி, இது ஓடுமான்னு பாக்கணும். சென்னையில ஒரு டேட்டா சென்டர்ல கழிச்சுப் போட்டது. பழைய சாமான் கடையில வாங்கினேன்” என்றாள்.

செங்கல்லை விட நீளமான தகரப் பெட்டிகள். ஒரு முனையில் சின்ன ஃபேன். மறுமுனையில் ஒயரும் இல்லை, சாக்கெட்டும் இல்லை. பித்தளை நிறத்தில் பல் பல்லாக ஒரு போர்டு நீட்டிக்கொண்டிருந்தது. லேபிளைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட் மட்டும்தான் தருகிறது. ஆனால் நூறு ஆம்பியர்.

“இது எதுக்கு?” என்று போர்டைப் பார்த்தே கேட்டேன்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டரில், வேகமாகக் கணக்குப் போடும் ஜிபியு கார்டு நாலு போடப் போகிறாளாம். பேசுவதைக் கேட்டு எழுதும் புரோகிராமுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுவும் நம் பக்கத்துப் பேச்சை. ஒரு கம்பெனிக்கு முடித்துக் கொடுப்பதாக ஏற்றிருக்கிறாள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்ததால் இதைத்தான் நம்பியிருக்கிறாள். ஒவ்வொரு கார்டும் ஓர் இஸ்திரிப் பெட்டி மாதிரி கரண்ட் இழுக்கும். கடையில் விற்கும் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் தாங்காது. அதனால் மதர்போர்டுக்கு வழக்கமான எஸ்எம்பிஎஸ், கார்டுகளுக்கு மட்டும் இந்த சர்வர் சப்ளை.

சர்வருக்குள் செருகினால்தான் இது உயிர் பெறும். வெளியே ஓட்ட வேண்டுமானால் அந்தப் பல் வரிசையில் குறிப்பிட்ட இரண்டு பின்களை இணைக்க வேண்டும். எவை என்று அவள் போனில் படம் வைத்திருந்தாள். மெல்லிய ஒயரால் இணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அந்தச் சின்ன ஃபேன் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்னடே, கடைக்குள்ள ஏரோப்ளேன் எறங்குதா?”

பேச்சி சிரித்தாள். நான் மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் அசையாமல் நின்றது. கார் ஹெட்லைட் பல்புகளை லோடாகக் கட்டி ஒவ்வொரு யூனிட்டாக ஓட்டினேன். எல்லாம் நன்றாக இருந்தன. நன்றாக இருந்த சாமானைத்தான் அவளிடம் கொடுத்தேன் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

2. ஜன்னலோர ரேக்

மெஷினைப் பொருத்த அவள் வீட்டுக்குப் போனேன். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பழைய ஓட்டு வீடு. வீட்டில் பேச்சியும் அவள் அம்மா கோமதியக்காவும் மட்டும்தான். அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். என்னை ‘யுபிஎஸ் தம்பி’ என்று கூப்பிடுவார்.

சர்வர் சப்ளையின் பல் வரிசையில் பிரேக்அவுட் போர்டு என்று ஒன்றைச் செருக வேண்டும். கார்டுக்குப் போகும் ஆறு பின் சாக்கெட்டுகள் அதில்தான் இருக்கும். ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் ஒயர் சூடாகி, கனெக்டர் உருகும். இது என் வேலை, எனக்குத் தெரியும். ஆனால் கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் ரைசர் என்ற துண்டு எனக்குப் புதுசு. கையருகே இருந்த எஸ்எம்பிஎஸ் ஒயரை எடுத்து அதில் செருகப் போனேன்.

“அண்ணாச்சி, நில்லுங்க. கார்டுக்கு எந்த சப்ளையோ ரைசருக்கும் அதே சப்ளைதான். ரெண்டு சப்ளை ஒரு கார்டுல சந்திச்சா ஒண்ணோட கரண்டு இன்னொண்ணுக்குள்ள போயிரும்.”

அவள் சொன்னது சரி. கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் என்னிடமும் நான் அவளிடமுமாகக் கற்றுக்கொண்டுதான் அந்த மெஷின் எழுந்து நின்றது.

எல்லாவற்றையும் அடுக்கிய இரும்பு ரேக்கை வைக்க அவள் தேர்ந்தெடுத்த இடம் ஜன்னலோரம். “ஏசி எதுக்கு அண்ணாச்சி? நம்ம ஊர் சாரல் காத்தே போதும்லா. ஓசிக் கூலிங்” என்றாள். குரங்கு வராமல் இருக்க ஜன்னலுக்கு வலை அடித்திருந்தாள். அது வெயில் காலம். ஜன்னலில் காய்ந்த காற்றுதான் வந்துகொண்டிருந்தது. நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது.

பவர் பிளக்கில் மீட்டர் வைத்தேன். பிறகு கரண்ட் வரும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட்ஸ் பல்பைப் போட்டேன். பிரகாசமாக எரிந்தது. எர்த் இருக்கிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், கொல்லையில் மோட்டாருக்குப் பக்கத்தில், கிணற்றிலிருந்து ஏறும் இரும்பு பைப்பில் கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தார்கள். அந்தக் கால வீடுகளில் இதுதான் வழக்கம். பைப் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்குவதால் எர்த் பிரமாதமாகக் கிடைக்கும். அதே பைப்தான் மேலே போய் பாத்ரூம் குழாயாகவும் திரும்பும்.

“யக்கா, எர்த்துக்குன்னு தனியா குழி தோண்டிருவோம். பைப்ல வேண்டாம்” என்றேன். எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னேன்.

“தோண்டுவோம் தம்பி, தோண்டுவோம். இப்பதான் முத்தத்துக்கு சிமென்ட் போட்டிருக்கு. சீசன் முடியட்டும்” என்றார் கோமதியக்கா.

எர்த் ஏன் முக்கியம் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சர்வர் சப்ளையின் உள்ளே, கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அது எப்போதும் கொஞ்சம் கரண்டைத் தகரப் பெட்டிக்குக் கசியவிடும். அது கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்துபோனால், அந்த எர்த் ஒயர் எதையெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் வந்து நிற்கும். யூனிட் கூடக் கூடக் கசிவும் கூடும்.

3. கண்ணுக்குத் தெரியாத எறும்பு

சீசன் தொடங்கி, சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு பேச்சி போன் செய்தாள். ஒரு கார்டு அவ்வப்போது நின்று போகிறதாம். பயிற்சியின் பெரிய ஓட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, முடிகிற வரை நிறுத்த முடியாது, வந்து பார்த்து மட்டும் சொல்லுங்கள் என்றாள். மாற்று யூனிட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இலஞ்சி தாண்டும்போதே சட்டை நனைந்துவிட்டது.

நான் போன நேரம் பேச்சி கம்பெனிக்காரர்களோடு மீட்டிங்கில் இருந்தாள். ஃபேன் சத்தம் வெளியே வராமல் இருக்க அறைக் கதவை உள்ளே தாழ் போட்டு, காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்காருவாள். மெஷினை அவள் தொடுவதே இல்லை. தள்ளி உட்கார்ந்து லேப்டாப்பிலிருந்து வைஃபையில் ஓட்டுவாள்.

கோமதியக்கா சுக்குக் காப்பி கொடுத்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

“தம்பி, எறும்புக்கு நல்ல மருந்தா ஒண்ணு சொல்லேன்.”

“எறும்பாக்கா?”

“பாத்ரூம் குழாயில. பொடியும் போட்டுப் பாத்துட்டேன், மஞ்சளும் போட்டுப் பாத்துட்டேன். போவ மாட்டேங்கு. கைய வச்சா சுருக்கு சுருக்குன்னு கடிக்கி. குனிஞ்சு பாத்தா ஒண்ணையும் காணும். கண்ணுக்கே தெரியாத எறும்பு.”

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது.

“என்னைலேர்ந்துக்கா?”

“பைப் மாத்துனதுலேர்ந்துதான். பழைய பைப்பு துருப்பிடிச்சு ஒழுகிச்சுல்லா, பிளம்பர் வந்து புதுசு போட்டுட்டுப் போனான். அந்தப் புதுப் பைப்போட வந்த எறும்பு போலுக்கு.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே தனியாக நின்ற பாத்ரூமின் தகரக் கூரையில் சாரல் இரைச்சலாக விழுந்துகொண்டிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கிணற்றிலிருந்து தரைமட்டம் வரை வெள்ளை பிவிசி பைப். அங்கிருந்து மேலே பழைய இரும்பு பைப். எர்த் கிளாம்ப் அந்த இரும்பில் அப்படியே முறுக்கினபடி இருந்தது. பிளம்பரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு அது தண்ணீர் போகும் பைப், அவ்வளவுதான். ஒயர் சுற்றியிருந்ததைக் கழற்றாமல் பத்திரமாக விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பிவிசி கரண்டைக் கடத்தாது. இப்போது அந்த எர்த் மண்ணுக்குப் போகவில்லை. பேச்சியின் ரேக்கில் தொடங்கி பாத்ரூம் குழாயில் முடிந்தது.

கசிவு மட்டும் என்றால் மீட்டரில் பாதி வோல்ட்டேஜ் அளவுதான் காட்டும். அது சுருக்கென்று கடிக்கும், ஆளைக் கொல்லாது. மோட்டார் ஸ்விட்ச் போர்டின் நியூட்ரலில் ஒரு முனையையும் பைப்பில் ஒரு முனையையும் வைத்தேன்.

இருநூற்று இருபத்தாறு.

மீட்டர் கோளாறோ என்று முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண். ஃபேஸுக்கும் பைப்புக்கும் நடுவே வைத்தேன். ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இரண்டு, மூன்று. அதாவது பைப்பே ஃபேஸாகியிருந்தது. அக்கா கடைசியாகக் குழாயைத் தொட்ட பிறகு, ரேக்கில் ஏதோ ஒரு யூனிட்டுக்குள் கரண்ட் முழுசாகப் பெட்டிக்கு வந்துவிட்டது. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். எர்த் இல்லாததால் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, குழாயும் காத்துக்கொண்டிருந்தது.

பின்னால் கதவுத் தாழ் சத்தம் கேட்டது. திரும்பினேன். தோளில் துண்டும் கையில் பிளாஸ்டிக் வாளியுமாகக் கோமதியக்கா கொல்லைப் பாத்ரூமின் வாசற்படியில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார்.

4. பாம்பு

“யக்கா” என்றேன். எனக்கே கேட்கவில்லை. தகரத்தில் சாரல் இரைந்தது. இன்னொரு முறை “யக்கா” என்றேன். அவர் உள்ளே போய் வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளினார்.

கரண்ட் என்று கத்தியிருக்கலாம். ஆனால் கரண்ட் என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்று இத்தனை வருஷ சர்வீஸில் பார்த்திருக்கிறேன். ‘எங்க, பாப்போம்’ என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

வாயில் என்ன வந்ததோ அதைக் கத்தினேன்.

“பாம்பு! யக்கா, குழாய்ல பாம்பு!”

அந்தக் குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. கோமதியக்கா வாளியை விட்டுவிட்டு ஒரே தாவலில் வெளியே வந்து விழுந்தார். “அய்யோ, எம்மா!” என்று அவர் போட்ட சத்தம் என்னுடையதை விடப் பெரிது. நான் ஓடிப்போய் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டேன்.

ஆனால் பாம்பு என்று கத்தினால் அடுத்து என்ன நடக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி ஏட்டையா வந்துவிட்டார். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஓர் இரும்புக் கம்பி.

“எங்கலே பாம்பு? நகரு, நகரு!”

“ஏட்டையா, உள்ள போவாதீங்க.”

“நா எத்தன பாம்பு அடிச்சிருப்பேன், எனக்கே சொல்லுதியா? குழாய்க்குப் பின்னாலதான் சுருண்டு கெடக்கும். ஒரு குத்து, முடிஞ்சு போவும்.”

கம்பியை நீட்டிக்கொண்டு என்னைத் தள்ளினார். ஈரத்தரை, வெறுங்கால், கையில் இரும்பு. நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நான் இடுப்பைப் பிடித்த முதல் போலீஸ்காரர் அவர்தான்.

“பாம்பு இல்ல ஏட்டையா! கரண்டு! குழாய்ல கரண்டு வருது!”

“ஏல, பாம்பா கரண்டா? ஏதாவது ஒண்ணச் சொல்லு!”

கீழே விழுந்து கிடந்த கோமதியக்கா இப்போது எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கரண்டா? எந்தக் கரண்டு? நா தெனமும் அந்தக் குழாயிலதான் குளிக்கேன். என்னத்த ஆயிட்டு எனக்கு? எறும்பு கடிக்கின்னு சொன்னதுக்குப் பாம்புன்னு கத்தி என் முட்டிய ஒடச்சுட்டியே தம்பி. இந்தா, நா தொட்டுக் காட்டுதேன் பாரு!”

சொன்னபடியே எழுந்து வந்தார். நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அது என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு வந்தது.

அப்போது நான் நின்ற நிலையைச் சொல்கிறேன். மெயின் ஸ்விட்ச் வீட்டின் முன்பக்கம். நான் அதை இறக்கப் போனால் வாசலில் ஆள் இல்லை. அக்கா குழாயைத் தொட்டுவிடுவார். நான் வாசலில் நின்றால் குழாயில் கரண்ட் நிற்கும். பேச்சியைக் கூப்பிட்டால் ஹெட்போனுக்குள் கேட்காது. இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பெரியவருக்கு உத்தரவு போட்டேன்.

“ஏட்டையா! கம்பியைக் கீழ போடுங்க! முன்னால போய் மெயின இறக்குங்க! இப்பவே!”

ஏட்டையா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கம்பி டங்கென்று விழுந்தது. “உத்தரவு போடுதான் பாரு” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். ஆனால் ஓடினார்.

கோமதியக்கா என் கையைத் தள்ளினார். “வழிய விடு தம்பி.”

“விட மாட்டேன்க்கா.”

“எங்க வீட்டுப் பாத்ரூமாக்கும் இது!”

“ஆமாக்கா. விட மாட்டேன்.”

அவர் என் கைக்குக் கீழே குனிந்து நுழையப் பார்த்தார். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் ஆடு புலி ஆடுகிற மாதிரி வாசலில் நின்றோம். அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த அந்த ஏரோப்ளேன் சத்தம் மெல்ல இறங்கி நின்றது. சாரல் மட்டும் கேட்டது. முன்பக்கமிருந்து ஏட்டையாவின் குரல் வந்தது. “இறக்கியாச்சு!”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்கதவு படாரென்று திறந்தது. “யாரு மெயின இறக்குனது? மூணு நாள் ரன் போச்சு! எம்மா, யாரு?” பேச்சி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். நனைந்த அம்மா, கம்பியைத் தேடுகிற ஏட்டையா, படியில் நான்.

பிவிசி பைப்பையும் கிளாம்பையும் கை நீட்டிக் காட்டினேன். பிறகு ஏட்டையாவை மறுபடி முன்பக்கம் அனுப்பினேன். எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து, ஒரு நொடி மெயினைப் போடச் சொல்லி, மீட்டரைப் பைப்பில் வைத்து அவளிடம் எண்ணைக் காட்டினேன். மறுபடி இறக்கச் சொன்னேன். அவள் மீட்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னோடு ரேக் இருந்த அறைக்கு வந்தாள்.

5. இரண்டாவது முறை வந்த எறும்பு

ரேக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யூனிட்டுகளைக் கழற்றினோம். ஜன்னல் பக்கம் இருந்த கடைசி யூனிட்டைச் சாய்த்ததும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. சாரல் காற்றை மெஷின் ஃபேன் இழுத்திருக்கிறது; காற்றோடு சாரலும் வந்திருக்கிறது. குரங்கைத் தடுத்த வலை சாரலைத் தடுக்கவில்லை. ஃபில்டர் இருக்கும் மூலையில் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி ஒரு தடம். கார்டு அவ்வப்போது நின்றதும் இதனால்தான்.

“ஓசிக் கூலிங்” என்றாள் பேச்சி. சிரிக்கவில்லை. யூனிட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, “நம்ம ஊர்ப் பேச்சக் கேட்டுப் புரிஞ்சுக்கிற மெஷினு செய்யிதேன் அண்ணாச்சி. எங்க அம்மா எறும்பு எறும்புன்னு என்கிட்டயும்தான் சொன்னா” என்றாள்.

சீசன் முடியும் வரை யாரும் காத்திருக்கவில்லை. முற்றத்துச் சிமென்ட்டை உடைத்து எர்த் குழி போட்டோம். குழாய் பைப்பிலிருந்து ஒயரைப் பிரித்தோம். மெயினுக்குப் பக்கத்தில், கசிவு வந்தால் தானே விழும் பிரேக்கர் வைத்தேன். ரேக்கை ஜன்னலிலிருந்து சுவர் ஓரத்துக்கு மாற்றி, ஈரம் வராத பக்கமிருந்து காற்று வர வழி செய்தோம். பேச்சி ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். சொன்ன நாளுக்குள் முடிக்க முடியவில்லை. கம்பெனிக்காரர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள், முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஏட்டையா மட்டும் என்னைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட “ஏ பாம்பு!” என்று கூப்பிடுகிறார். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன கோடையில் ஒருநாள் கோமதியக்கா போன் செய்தார்.

“தம்பி, எறும்பு திரும்ப வந்துட்டு.”

“மெயின இறக்குங்கக்கா. குழாயத் தொடாதீங்க. இந்தா வந்துட்டேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன். கடையில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரேக்கர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று புத்தி சொன்னது. வண்டி மட்டும் வேகமாகப் போனது.

மெயின் இறங்கியிருந்தது. பேச்சியும் அம்மாவும் பாத்ரூமுக்கு வெளியே தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மெயினைப் போட்டுப் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், சரியாக விழுந்தது. எர்த் குழியைப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவின தண்ணீரை அக்கா தினமும் அதில்தான் ஊற்றுகிறாராம். பிரேக்கரை மறுபடி ஏற்றச் சொல்லிப் பைப்பில் மீட்டர் வைத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தேன். ஒன்றுமே இல்லை.

பிறகு குனிந்து குழாயைப் பார்த்தேன். சுவரில் ஒரு விரிசல். அதிலிருந்து குழாயின் கழுத்து வரை வரிசையாக, சிவப்பாக, சின்னச் சின்னதாக ஊர்ந்துகொண்டிருந்தன. விரலை வைத்தேன். சுருக்கென்று கடித்தது.

“யக்கா, எறும்புதான்க்கா” என்றேன்.

“அதத்தான நானும் சொன்னேன்” என்றார் கோமதியக்கா.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர் நம் பாஷையில் கோளாறு சொல்ல மாட்டார். அவர் எறும்பு என்றால் எறும்பு என்றே கேளுங்கள். ‘என்னைலேர்ந்து?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கடைசியில் அது வெறும் எறும்பாக இருந்தால், விரலைத் தேய்த்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள்.